பதிலுக்குக் காத்திருந்த பெட்டி

மதராஸ் கார்ப்பரேஷன் 1930 ஏப்ரல் 1-ல் வானொலி தொடங்கியபோதே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு ஒதுக்கிவிட்டது. பள்ளி நாள்களில் மாலை 4 முதல் 4.30 வரை கார்ப்பரேஷன் பள்ளி மாணவர்களுக்குப் பாட்டுப் பாடம், கதை. கேட்டது புரிந்ததா என்று யார் கண்டார்கள்? 1938-ல் அகில இந்திய வானொலி மதராஸுக்கு வந்த பிறகும் பெட்டி பேசும், பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

பெட்டி இடையில் வாயை மூடப் பழகியது நிகராகுவாவில். 1974-ல் தொடங்கிய திட்டம் ஒன்றில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு அங்கே தொடக்கப் பள்ளிகளுக்கு வானொலிக் கணக்குப் பாடம் தயாரித்தது. கணினியில் மாணவருக்குக் கேள்வி போட்டுப் பதில் வாங்கிப் பழகியவர்கள் அவர்கள். அதே பழக்கத்தை மலிவான ரேடியோவுக்கு இறக்கினார்கள். மூணும் நாலும் எத்தனை என்று குரல் கேட்கும். சில விநாடி சத்தமே இருக்காது. வகுப்பு மொத்தமும் கத்தும். ‘ஏழு’ என்று குரல் சொல்லும். பெட்டிக்குக் காது கிடையாது, ஆனாலும் பிள்ளைகள் அதற்குப் பதில் சொன்னார்கள்! அந்தச் சில விநாடிதான் வேலை வாங்கியது. கூடினால் வகுப்பு கலைகிறது. குறைந்தால் மெதுவாக யோசிக்கிற பிள்ளை வாயைத் திறப்பதற்குள் விடை வந்துவிடுகிறது. அதனால் வகுப்பிலேயே உட்கார்ந்து பார்த்துப் பாடத்தைத் திருத்தினார்கள். 1980-களில் கென்யா இதே முறையில் ஆங்கிலத்தைக் கேட்கவும் பேசவும் கற்றுக்கொடுத்தது.

நம் பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடு 2018-ல் ஏறியது. போனைக் காட்டினால் குரலும் படமும் வருகின்றன. நிறுத்தும் பொத்தானும் இருக்கிறது. அதை அழுத்துவது டீச்சரின் விரல். அண்ணனூரில் அந்த விரலுக்கு ரயில்வேயும் வேலை கொடுக்கும். மின்சார ரயில் கார் ஷெட் உள்ள ஊர். தண்டவாளத்தை ஒட்டிய வகுப்பறையில் வண்டி கடக்கும்வரை பாடத்தை நிறுத்தத்தான் வேண்டும். அந்த இடைவெளியில் ‘அடுத்து என்ன சொல்லப் போறாங்க?’ என்று ஒரு கேள்வி போட்டுவிடலாம். கேள்வி முன்னால் வந்தால் பிள்ளை காதைத் தீட்டிக்கொள்ளும். எல்லாம் ஓடி முடிந்த பிறகு கேட்டால் அது ஞாபகசக்திக்கு வைக்கிற பரீட்சை.

அரசு உயர்நிலைப் பள்ளிகளின் ஹைடெக் லேபில் ஹெட்போன் மாட்டினால் ரயில் சத்தம் அவ்வளவாகக் காதில் விழாது. ஆனால் லேப் ஒன்று, வகுப்புகள் பல. மற்ற பீரியடுகளுக்கு டீச்சரின் போன்தான்.