மடலுக்கு ஒரு சுங்கச் சாவடி

காரைக்காலில் 1954 நவம்பர் முதல் நாள் வரை பிரெஞ்சு ஆட்சி நடந்தது. அதற்குட்பட்ட நெடுங்காட்டிலிருந்து சில கல் தொலைவு நடந்தால் தஞ்சை மாவட்ட எல்லை. எல்லையில் சுங்கச் சோதனை. சரக்கின் அருமையை உரியவர் அறிவார். அது உள்ளே போகலாமா என்று முடிவு செய்தவரோ சாவடியில் அமர்ந்திருந்தவர். இன்று நெடுங்காட்டு வணிகர் ஒருவர் அனுப்பும் மின்மடலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாவடியைக் கடந்தே செல்கிறது. அச்சாவடியின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1978 மே 3 அன்று, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவன விற்பனையாளர் கேரி துர்க், அர்ப்பாநெட் வலையில் ஏறத்தாழ 400 பேருக்குக் கணினி விளம்பரம் ஒன்றை அனுப்பினார். அதுவே முதல் எரிதம், அதாவது வேண்டா மடல், என்பர். 1982இல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. நெறிமுறையோ அனுப்புநர் சொன்ன பெயரை அப்படியே நம்பியது. ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர் குழுவுக்கு அந்த நம்பிக்கை போதும். உலகச் சந்தைக்குப் போதவில்லை.

நிறுவனங்களின் அஞ்சல் வழங்கிகள் எரிதத்தில் மூழ்கத் தொடங்கிய 1999இல் அமெரிக்காவில் போஸ்தினியும் பிரிட்டனில் மெசேஜ்லாப்ஸும் தோன்றின. அவற்றின் வழி எளியது. ஒவ்வொரு களப்பெயருக்கும், வரும் அஞ்சலை எங்கே ஒப்படைப்பது என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவு உண்டு. அதில் தன் வழங்கியின் பெயருக்குப் பதிலாக வடிகட்டும் நிறுவனத்தின் பெயரை எழுதிவிட்டால், எல்லா மடல்களும் முதலில் அங்கே செல்லும். சலித்தெடுத்தவை மட்டும் வீடு வந்து சேரும். ஐயத்துக்குரியவை தனியிடத்தில் சில நாள் கிடந்து அழியும். 2007இல் கூகுள் 62.5 கோடி டாலருக்குப் போஸ்தினியை வாங்கியது. சிறு நிறுவனங்களுக்கு இச்சேவை பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் எது குப்பை என்னும் தீர்ப்பு, பெறுநர் கையிலிருந்து நழுவியது.

வடிகட்டிகள் நம் மொழியை எப்படி நோக்கின? அக்காலத் தமிழ் மடல்கள் திஸ்கி முதலிய குறியாக்கங்களில் எழுதப்பட்டன. உரிய எழுத்துரு இல்லாவிடில் பொருளற்ற குறிகளாகவே தெரிந்தன. 2001இல் வெளிவந்து பல வழங்கிகளில் இயங்கிய ஸ்பாம் அசாசின் என்னும் கட்டற்ற வடிகட்டியில், தலைப்பில் இத்தகைய குறிகள் மிகுந்தால் எரிதப் புள்ளி கூட்டும் விதி இருந்தது. நிர்வாகி விரும்பினால் அனுமதிக்கத்தக்க எழுத்து வகைகளைக் குறிக்கலாம். அப்பட்டியலில் சீனமும் ஜப்பானியமும் கொரியமும் ரஷ்யமும் தாய் மொழியும் இருந்தன. தமிழுக்கெனத் தனியிடம் இல்லை. அது பகைமை அன்று, மறதி. ஒருங்குறி பரவியபின் அத்துன்பம் பெரிதும் தணிந்தது.

தீர்ப்பளிப்போருக்கும் மேலே தீர்ப்பளிப்போர் உண்டு. வணிக நிறுவனங்களுக்கு அஞ்சல் சேவை வழங்கும் நம் சோஹோ நிறுவனத்துக்கு 2018 செப்டம்பர் 24 அன்று நேர்ந்தது இதற்குச் சான்று. அதன் பயனர் சிலர் தூண்டில் மடல் அனுப்பினர் என்ற புகாரைக் காட்டி, களப்பெயர்ப் பதிவாளரான டியெராநெட், சோஹோவின் களப்பெயரையே முடக்கியது. வந்தவை மூன்று புகார்கள்; இரண்டின்மீது நடவடிக்கை எடுத்தாயிற்று, மூன்றாவது விசாரணையில் இருந்தது என்றது சோஹோ. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பொதுமக்கள் முன் முறையிட நேர்ந்தது. அதற்குள் குற்றமற்ற எண்ணற்ற நிறுவனங்களின் பணி நின்றுபோயிருந்தது.

வடிகட்டி இன்றி இனி எந்த நிறுவனமும் அஞ்சல் நடத்த இயலாது. சாவடி இருக்கட்டும். ஆனால் பழைய சாவடியில் தடுக்கப்பட்டவருக்குத் தாம் தடுக்கப்பட்டது தெரியும்; வாதாடவும் ஓர் ஆள் எதிரே இருந்தார். இங்கே தனியிடத்தில் கிடந்து அழியும் மடலை எழுதியவர், பதில் வராததை அலட்சியம் என்றே எண்ணிக்கொள்வார். விலக்கிய மடல்களின் பட்டியலை நாள்தோறும் ஒரு மனிதக்கண் பார்க்கட்டும் என்பதே நாம் வேண்டுவது. நம்மிடம் வந்த கடிதத்தைக் குப்பை என்று சொல்லும் உரிமை, கடைசியில் நம்மிடமே இருக்கவேண்டும்.