ஆடு மேய்ந்த கூரை

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தின் ஹோல்பெக் பகுதியில் ஒரு பழைய நூற்பாலை இருக்கிறது. முகப்பைப் பார்த்தால் ஆலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். கனத்த கல்தூண்களோடு, நைல் நதிக்கரையிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து வைத்த கோயில் போல நிற்கிறது. எகிப்தில் எட்ஃபு என்னும் ஊரிலுள்ள ஹோரஸ் தேவனின் ஆலயம்தான் அதற்கு முன்மாதிரி. புகைபோக்கியைக்கூட எகிப்தியக் கூர்தூண் போலவே கட்டினார்களாம்! பெயரும் பொருத்தமாகத்தான் அமைந்தது: ‘டெம்பிள் மில்’.

யார்க்‌ஷயர் மூடுபனியில் எகிப்துக்கு என்ன வேலை? ஆலைக்குச் சொந்தக்காரர்களான மார்ஷல் குடும்பத்தார் ஆளிச் செடியின் நாரை நூற்று லினன் நூல் செய்தவர்கள். பழைய எகிப்தியர் தங்கள் பிரேதங்களைச் சுற்றிவைத்ததும் லினன் துணியில்தான். வரைபடம் போட்ட ஜோசப் பொனோமியோ எகிப்தில் பல வருஷம் இருந்து வந்தவர்.

ஆனால் என்னைக் கவர்ந்தது முகப்பல்ல, கூரை. 1836-இல் தொடங்கி 1840-இல் முடிந்த நூற்புக் கூடம் மாடியில்லாத ஒரே அறை. சுமார் இரண்டு ஏக்கர். மேலே செங்கல் வளைவுகள்; நடுநடுவே கூம்பு வடிவக் கண்ணாடிக் கூண்டுகள், அறுபதுக்கு மேல். தாங்கும் இரும்புத் தூண்களுக்கு உள்ளே துளை; கூரையில் பெய்த மழை அதன் வழியே கீழே இறங்கிவிடும். வளைவுகளின் மேல் தார் பூசி, மண் பரப்பி, புல் வளர்த்தார்கள். அந்தப் புல்லை மேய ஆடுகளை ஏற்றிவிட்டார்கள். கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஓர் ஆடு கீழே விழுந்ததாகக் கதை உண்டு. கதை எழுதிப் பிழைக்கிற நான் அதை நம்பத் தயார்.

புல் அழகுக்காக அல்ல. ஆளி நார் உலர்ந்தால் அறுந்துபோகும். அதற்குக் கதகதப்பும் ஈரமும் வேண்டும். வெயிலும் குளிரும் அதைத் தொடாதபடி மண்ணும் புல்லும் காத்தன. பழைய மாடி ஆலைகளை நினைத்தால் வெளிச்சம் தாராளம், சந்தேகமில்லை. ஆனால் வெந்நீரில் நனைந்த நாரை நூற்கும்போது தெறிக்கிற நீரில், உடுத்த துணி நனைய நின்றவர்கள் பெண்களும் குழந்தைகளும். 1833-ஆம் வருஷத்துச் சட்டமே ஒன்பது வயது நிரம்பிய பிள்ளையை நாளுக்கு ஒன்பது மணி நேரம் வேலை வாங்க இடம் கொடுத்தது. நூலுக்கு ஏற்ற சீதோஷ்ணத்தை இவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டவர்கள், ஈரத் துணியோடு வீடு திரும்பும் சிறுமியை எந்தக் கணக்கில் வைத்தார்கள்?

1886-இல் மார்ஷல் குடும்பத்தார் ஆலையை மூடினார்கள். பிறகு கட்டடம் பல கை மாறியது. 2008-இல் முகப்புத் தூண் ஒன்று நொடிந்து, மேலிருந்த கற்கள் சரிந்து நடைபாதையில் விழுந்தன.