பறவையின் காலில் பம்பாய் முகவரி

பம்பாய்வாழ் தமிழரின் வரலாற்றைப் பற்றி நம் சங்கத்தின் ஆண்டு மலர்களில் பலரும் பன்முறை எழுதியுள்ளனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்குத் தாராவி வந்து சேர்ந்தோர், மாதுங்காவில் குடியேறி அலுவலகங்களில் எழுத்து வேலை பார்த்தோர், பின்னாளில் செம்பூரில் வீடு கட்டிக்கொண்டோர் ஆகிய எல்லோருடைய கதையும் ஒருவாறு வந்துவிட்டது. இவ்வாண்டு நாம் எழுதப் புகுவது, இந்நகரின் பெயரைத் தம் காலில் சுமந்து கடல் கடந்த பறவைகளையும், அவற்றின் கணக்கை ஒழுங்காக எழுதி வைத்த விஞ்ஞானிகளையும் பற்றியதாகும். அக்கணக்கின் பெரும் பகுதி நம் தமிழ்நாட்டுக் கடற்கரையில் எழுதப்பட்டது என்பதும், எழுதியோருள் தமிழர் பலர் இருந்தனர் என்பதும் நம்மவர்க்கே அதிகம் தெரியாத செய்திகள்.

ரயில்வேயில் பார்சல் கணக்கு எழுதும் பணி நமது. எவ்வூரிலிருந்து எவ்வூருக்கு, எத்தனை உருப்படி, என்ன எடை, எந்த நாள் என்பவற்றை எழுதாமல் ஒரு மீன் கூடையும் வண்டி ஏறாது. மார்க்கா அழிந்த மூட்டை எத்துணை உயர்ந்த சரக்காயினும் உரியவரை அடையாமல் கிடங்கிலே கிடக்கும். ஆதலால், பறவையின் காலில் சிறு அலுமினிய வளையம் ஒன்றை மாட்டி, அதில் ஓர் எண்ணையும், ‘பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குத் தெரிவிக்க’ என்று பொருள்படும் ஆங்கில வாசகத்தையும் பொறித்துப் பறக்க விடுகிறார்கள் என்று நாம் முதன்முதல் கேள்வியுற்றபோது, அதன் அருமை உடனே விளங்கிற்று. அனுப்பியவர் முகவரி உண்டு, எண்ணும் உண்டு, சேர வேண்டிய ஊர் மட்டும் எழுதப்படவில்லை. அவ்வூரை அறிவதற்காகவே அந்தப் பார்சல் அனுப்பப்படுகிறது!

அச்சங்கம் 1883ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் எட்டுப் பேரால் இந்நகரில் தொடங்கப் பெற்றது. எண்மருள் இருவர் இந்தியர்; இருவரும் மருத்துவர். ஒருவர் பிரார்த்தனா சமாஜத்தைத் தோற்றுவித்த ஆத்மாராம் பாண்டுரங். மற்றவர் சகாராம் அர்ஜுன். இந்தியாவின் முதற்பெண் மருத்துவர்களுள் ஒருவராகிய ருக்மாபாய்க்குத் தாயின் மறுமணத்தால் தந்தையானவர். தொடக்கத்தில் இது வேட்டைப் பிரியர்கள் கூடித் தாம் சுட்டதையும் பிடித்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மன்றமாகவே இருந்தது. பிப்ஸன் என்னும் மது வணிகர் கோட்டைப் பகுதியில் இருந்த தம் கடையிலேயே இடம் கொடுத்தார். அங்கே 1894 முதல் 1920 வரை ‘வில்லியம்’ என்று பெயரிடப்பட்ட மலை இருவாட்சிப் பறவை ஒன்று வாழ்ந்தது. சங்கத்தின் சின்னத்தில் இன்றும் இருப்பது அப்பறவையே. தற்போதைய கட்டடத்துக்கும் ‘ஹார்ன்பில் ஹவுஸ்’ என்றே பெயர். 1886இல் தொடங்கிய சங்கத்தின் ஆராய்ச்சி இதழ் இன்னும் நின்றபாடில்லை. மலர் ஒன்றை ஆண்டுக்கு ஒரு முறை கொண்டு வருவதற்கே நாம் படும் பாட்டை அறிந்தவர்கள் இதன் பெருமையை உணர்வார்கள்.

இச்சங்கத்தின் பணிகளுள் பாலூட்டிகள் பற்றிய பெருங்கணக்கெடுப்பு ஒன்று 1911ஆம் ஆண்டளவில் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் நடந்தது. அதில் உழைத்தவர்களுள் ஒருவரான ஸ்டான்லி பிரேட்டர் நீலகிரியிலே பிறந்த ஆங்கிலோ-இந்தியர். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராகவும் இருந்தார். 1948இல் வெளிவந்த அவருடைய இந்திய விலங்குகள் பற்றிய நூலைத் தாண்டி இத்துறையில் ஒருவரும் அடியெடுத்து வைப்பதில்லை.

இனி, சலீம் அலியைப் பற்றிக் கூற வேண்டும். 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்த இவர், சிறுவனாயிருந்தபோது தாம் சுட்ட ஒரு சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு ஐயுற்று, அதை எடுத்துக்கொண்டு சங்கத்தின் கௌரவச் செயலாளர் மில்லர்டிடம் சென்றார். அவர் சிறுவனை விரட்டி விடாமல், அலமாரிகளைத் திறந்து பாடம் செய்த பறவைகளைக் காட்டினார். அந்தக் கதை பலரும் அறிந்ததே. பலர் அறியாத வேறொன்று நம் மனத்துக்கு இன்னும் உகந்தது. சலீம் அலி 1913இல் மெட்ரிகுலேஷன் தேறியவர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாரில்லை. அக்குறையைக் காட்டி அரசாங்க விலங்கியல் துறையில் அவருக்கு வேலை மறுக்கப்பட்டது. 1929இல் பெர்லினுக்குச் சென்று ஸ்டிரேஸ்மன் என்னும் பேரறிஞரிடம் பயின்று திரும்பிய பின்பும் நிலையான வேலை கிட்டவில்லை. துறைமுகத்துக்கு அக்கரையிலுள்ள கிஹிம் என்னும் சிற்றூரில் இருந்துகொண்டு தூக்கணாங்குருவி கூடு கட்டும் முறையை நாள்தோறும் பார்த்து எழுதினார். ஆண் குருவி பல கூடுகளைப் பாதி கட்டிவிட்டுக் காத்திருக்கும் என்பதும், பெண் குருவி வந்து பார்த்துப் பிடித்திருந்தால்தான் குடியேறும் என்பதும் அப்போது தெளிவாயின. 1941இல் வந்த அவருடைய பறவை நூலையும், 1968 முதல் 1974 வரை ரிப்ளியுடன் சேர்ந்து எழுதி வெளியிட்ட பத்துத் தொகுதிகளையும் உலகம் அறியும். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்ட நம் போன்றோருக்கு இதில் சிறிது ஆறுதல் உண்டு என்பதை மறைப்பானேன்?

பறவைக்கு வளையம் இடும் வேலையை நம் நாட்டில் தார் சமஸ்தானத்து மன்னர் 1926இல் தொடங்கினார். மறு ஆண்டே பம்பாய்ச் சங்கமும் மேற்கொண்டது. ஆயினும் அது பெரிய அளவில் நடந்தது 1959க்குப் பின்னரே. அதற்குக் காரணம் ஒரு நோய். 1957இல் மைசூர் நாட்டுச் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர்க் காட்டருகே குரங்குகள் செத்து விழுந்தன. மனிதரும் காய்ச்சல் கண்டு மாண்டனர். ருஷ்ய நாட்டில் காணப்படும் ஒரு மூளைக் காய்ச்சலின் கிருமிக்கு இது இனமாயிருந்தபடியால், சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் தம் உடலில் ஒட்டிய உண்ணிகளின் வழியே இதைக் கொண்டு வந்தனவோ என்ற ஐயம் பிறந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் பொருளுதவி செய்ய, சலீம் அலியின் தலைமையில் வலசைப் பறவை ஆராய்ச்சி தொடங்கிற்று.

அதன் முக்கியமான முகாம்களுள் ஒன்றே கோடிக்கரை. தஞ்சைத் தரணியின் தென்கோடியில், வேதாரணியத்துக்குத் தெற்கே, வங்கக் கடலும் பாக் நீரிணையும் கூடும் முனை அது. (திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 2023இல் அகலப்பாதையில் ரயில் வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியது என்பதை ஊருக்குப் போக நினைப்போர் குறித்துக் கொள்க.) அங்குள்ள சதுப்பிலும் உப்பளத்திலும் ஐப்பசி, கார்த்திகையில் வந்து இறங்கும் உள்ளான்களை நம் தஞ்சாவூர் அன்பர்கள் அறிவார்கள். அவற்றுள் மிகச் சிறியதான கொசு உள்ளான் பெரும்பாலும் 30 கிராமும் தேறாது. ஒரு கடிதத்துக்கு மேல் எடையில்லாத அவ்வுயிர், வடதுருவத்தை அடுத்த சைபீரியத் தரிசில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டுக் கோடிக்கரைக்கு வருகிறது என்பதை முதலில் கேட்போர் நம்ப மறுப்பர்.

பறவையைப் பிடிப்பதே பெரிய கலை. காயப்படாமல் பிடிக்க வேண்டும். விரைவில் விட வேண்டும். பீகாரில் பரம்பரையாகப் பறவை பிடித்து வந்த மிர்ஷிகார் வகுப்பினரைச் சங்கத்தார் துணைக்கு அழைத்தனர். அலி ஹுசேன் என்பவர் அவர்களுள் பெயர் பெற்றவர். விற்பதற்காகப் பிடித்த கை, எண்ணுவதற்காகப் பிடிக்கலாயிற்று. வலையில் விழுந்ததை எடுத்து, இனம் கண்டு, சிறகை அளந்து, நிறுத்து, வளையமிட்டுப் பேரேட்டில் எழுதிப் பறக்க விடுவார்கள். திரும்பி வரும் செய்தியோ மிகச் சிலவே. அவையும் பெரும்பாலும் யாரோ ஒரு வேடன் சுட்டோ வலை வைத்தோ பிடித்த பறவையின் காலிலிருந்து வந்தவை. பறவையைத் தின்றவன் வளையத்தைத் தூக்கி எறியாமல், முன்பின் அறியாத பம்பாய்க்கு ஒரு கடிதம் எழுதினான் பாருங்கள், அவனும் இந்த விஞ்ஞானத்தில் பங்காளியே. அவன் பெயர் எந்த நூலின் அட்டையிலும் இல்லை.

இந்த ஆராய்ச்சிக்கு ஒரு சோதனையும் வந்தது. 1960களில் இதற்கான பணத்தில் ஒரு பகுதி அமெரிக்கப் படைத்துறையைச் சார்ந்த திட்டமொன்றிலிருந்து கிடைத்தது. பறவைகளைக் கொண்டு நோய் பரப்பும் போருக்கு இது ஒத்திகையோ என்று செய்தித்தாள்களிலும், 1970களில் பாராளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது. சலீம் அலி மனம் நொந்தார். பணம் தருபவன் யார், ஏன் தருகிறான் என்று கேட்பது குடிமக்களின் உரிமை என்பதே நம் கருத்து. ஆனால் பேரேட்டில் எழுதியவர்கள் பறவையின் எடையைத்தான் எழுதினார்கள் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். கியாசனூர்க் காய்ச்சலைப் பறவைகளே கொண்டு வந்தன என்பதற்குச் சான்று கிட்டவில்லை. அக்கிருமி அக்காட்டு உண்ணிகளிடமே வாழ்வது என்று பின்னர்த் தெளிந்தனர். தேடியது கிட்டாவிடினும், நாட்டின் பறவைகள் எங்கே போகின்றன, எங்கிருந்து வருகின்றன என்ற கணக்கு மிஞ்சியது. கோடிக்கரை 1967இல் சரணாலயம் ஆயிற்று.

நம்மவருள் இச்சங்கத்தில் முதலில் நினைக்கத் தக்கவர் ஜே. சி. டேனியல். 1927இல் நாகர்கோவிலில் பிறந்து, 1950இல் பம்பாய்ச் சங்கத்தில் சேர்ந்து, காப்பாளராகவும் இயக்குநராகவும் இருந்து 1991இல் ஓய்வு பெற்றார், 2011இல் மறைந்தார். சலீம் அலியின் வலக்கை என்றே அவரைச் சொல்லலாம். ஊர்வன பற்றி அவர் எழுதிய நூல் 1983இல் வந்தது. அடுத்து, தாராவி அன்பர்களுக்கு நெருங்கிய ஊராகிய நாங்குநேரியில் பிறந்த ஏ. ஜே. டி. ஜான்சிங். சிவகாசிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர், 1970களின் பிற்பகுதியில் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து நடந்து ஆராய்ந்தார். 1980களின் தொடக்கத்தில் பம்பாய்ச் சங்கத்தின் யானை ஆராய்ச்சியில் பணியாற்றி, 1985இல் டேராடூன் சென்றார். 2024 ஜூன் மாதத்தில் அவர் காலமானபோது தமிழ்ப் பத்திரிகைகள் நன்றாகவே எழுதின. கோடிக்கரையில் 1980களிலிருந்து நெடுங்காலம் வளையமிட்ட எஸ். பாலச்சந்திரனும் தமிழரே.

அவர் கண்டெழுதியதுதான் நம் நெஞ்சைச் சுடுவது. 1980களில் கோடிக்கரைச் சதுப்பில் இலட்சக்கணக்கில் இறங்கிய உள்ளான்களும், ஆயிரக்கணக்கான பூநாரைகளும் ஒரு தலைமுறைக்குள் பெரிதும் குறைந்துவிட்டன. மழை குறைந்தது, நன்னீர் வரத்து குன்றியது, உப்புத் தொழிலுக்காகச் சதுப்பின் தன்மை மாறியது, மண்ணிலிருந்த புழுக்கள் அற்றுப்போயின எனக் காரணங்கள் பல. இன்று அங்கே செல்லும் இளைஞன் பறவைகளைக் கண்டு மகிழ்ந்துதான் திரும்புவான். முன்பு எத்தனை இருந்தன என்பது அவனுக்குத் தெரிய வழியில்லை. பேரேடு ஒன்றுதான் அதைச் சொல்லும். கழுகுகளின் கதையும் அத்தகையதே. 1990களில் பிணந்தின்னிக் கழுகுகள் மறைந்து வருவதைப் பரத்பூரில் இச்சங்கத்து விபு பிரகாஷ் முதலில் கண்டறிந்து கூற முடிந்ததற்குக் காரணம், அவரிடம் 1980களின் கூட்டுக் கணக்கு இருந்தமையே. மாடுகளுக்குப் போடும் டைக்ளோபினாக் என்ற வலி மருந்தே நஞ்சாயிற்று என்று பின்னர் அறியப்பட்டு, 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. பழைய கணக்கு இல்லாதிருந்தால், கழுகுகள் எங்கோ பறந்து போய்விட்டன என்றே எண்ணியிருப்போம்.

நம் வாசலிலும் இக்கணக்கு நடைபெறுகிறது. செம்பூருக்கு அப்பாலுள்ள மாஹுல், சிவ்ரிச் சேற்று வெளிகளிலும் தாணே உப்பங்கழியிலும் 1990களிலிருந்து பூநாரைகள் திரளாக வருகின்றன. 2015இல் தாணே உப்பங்கழியில் ஒரு பகுதி சரணாலயமாக்கப்பட்டது; 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அவ்வாண்டே சங்கத்தின் விஞ்ஞானிகள் சில பூநாரைகளின் உடலில் செயற்கைக்கோள் வழியே இருப்பிடம் காட்டும் கருவியைப் பொருத்திக் குஜராத் வரை அவற்றின் பயணத்தைத் தொடர்ந்தனர். 2024 மே 20ஆம் நாள் இரவு, காட்கோபர் மேலே இறங்கி வந்த விமானம் ஒன்றில் மோதி ஏறக்குறைய 40 பூநாரைகள் மாண்டு வீட்டுக் கூரைகளின் மேலும் தெருக்களிலும் விழுந்தன. அவை ஏன் அவ்விரவில் அவ்வழியே பறந்தன என்பது பற்றி அன்று பலர் பலவாறு பேசினர். இத்தகைய கேள்விக்கு விடை சொல்ல, எப்பறவை எந்நேரத்தில் எவ்வழி செல்கிறது என்ற குறிப்புகள் ஆண்டுக்கணக்கில் வேண்டும்.

ஊருக்குச் செல்லும் அன்பர்கள் கடற்கரையிலோ ஏரிக்கரையிலோ வளையமிட்ட பறவையைக் காண நேரின், அதற்கு உயிர் இருக்குமாயின் வளையத்தைக் கழற்ற வேண்டா. எண்ணை எழுத்துப் பிழையின்றிக் குறித்துக்கொண்டு பறக்க விடுக. இறந்த பறவையாயின் வளையத்தையே எடுத்து அனுப்பலாம். கண்ட இடம், நாள், பறவை இருந்த நிலை மூன்றையும் எழுதி, ‘ஹார்ன்பில் ஹவுஸ், ஷஹீத் பகத் சிங் சாலை, மும்பை 400 001’ என்ற முகவரிக்கு அஞ்சலில் சேர்க்க. தமிழிலே எழுதினாலும் படித்துச் சொல்ல ஆள் கிடைக்கும்.