துவர்

துவர் (பெ.): 1. அறுசுவையுள் ஒன்று. 2. செந்நிறம், காவி, துவராடை. 3. பாக்கு.

துவர்தல் என்றால் உலர்தல். துவர்த்துதல், ஈரம் போக்குதல். நாவை வறளவைக்கும் சுவைக்கு இப்பெயர் பொருந்துகிறது. இச்சுவையைத் தருவது டேனின். ஆவாரம்பட்டையிலுள்ள டேனின்தான் தோலைப் பதனிடுகிறது. நெல்லியும் துவர்ப்புக் காய்தான்.

ஆடுமாடு வளர்ப்போர் இச்சொல்லை அறிந்திருப்பது நல்லது. கருவேலந்தழையிலும் நெற்றிலும் துவர், அதாவது டேனின், உண்டு. அது புரதத்தைப் பற்றிக்கொள்ளும். அளவாக இருந்தால் புரதம் முதல் இரைப்பையில் சிதையாமல் குடலைச் சேரும். மிகுந்தால் தீனியும் செரிமானமும் குறையும். மரத்துக்கு மரம், கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும், மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப அதன் அளவு மாறும். ஆகவே ஒரே தழையை மட்டும் போடாமல், புல்லோடும் வைக்கோலோடும் கலந்து கொடுப்பதே கால்நடைக்கு நன்மை.