சென்னையில் ஒரு மார்மன் முன்னோடி

அமெரிக்கப் பாலைநிலத்தில் வண்டிகட்டிச் சென்று குடியேறிய மார்மன் முன்னோடிகளுள் ஒருவர் சென்னையிலும் ஓராண்டு வாழ்ந்திருக்கிறார். ரிச்சர்டு பாலன்டைன் என்பது பெயர். 1817இல் ஸ்காட்லாந்தில் பிறந்த ரொட்டித் தொழிலாளர். 1848இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்து, மறு ஆண்டு டிசம்பரில் தம் வீட்டிலேயே அங்கு முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார்.

நெருப்பெரிச்சலில் கூடும் நம் வட்டத்தின் மலரில் இவருக்கென்ன இடம் என்று அன்பர்கள் வினவக்கூடும். அவர் நடத்திய சிற்றிதழே காரணம்.

'மான்சூன்' என்னும் கப்பலில் கல்கத்தா வந்து, 1853 ஜூலையில் சென்னையை அடைந்தார். பலதார மணத்தைத் தம் கொள்கையென 1852 ஆகஸ்டில் வெளிப்படையாக அறிவித்த மாநாடுதான் அவரை அனுப்பிற்று. தூதரையும் அனுப்பி, தூதருக்கு எதிரான வாதத்தையும் கூடவே அனுப்பியதாயிற்று! எதிர்ப்பு மூண்டது. கையில் காசின்றியும் துண்டுநூல்கள் அச்சிட்டார். 1854இல் திங்களிதழ் ஒன்றும் கண்டார். அனைத்தும் ஆங்கிலம். தமிழரிடையே இருந்துகொண்டு தமிழில் பேசாத இதழ் எத்துணை நாள் வாழும்? சேர்ந்தவர் மிகச் சிலரே. 1854 ஜூலையில் கப்பலேறினார்.

அடுத்த ஆண்டே ஏறத்தாழ 400 பேரை லிவர்பூலிலிருந்து கடல் கடத்தி அழைத்துச் சென்றார். பின்னர் அதேயளவு பெரிய வண்டித்தொடர் ஒன்றுக்கும் தலைமை தாங்கி, செப்டம்பரில் சால்ட் லேக் சேர்ந்தார். வழிநடத்துவதில் அவருக்குக் குறையில்லை. சென்னையில்தான் பின்வருவோர் இல்லை. 1898 நவம்பர் 8இல் ஆக்டன் நகரில் மறைந்தார். ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர் என்றே அவர் சமயத்தார் அவரை நினைவுகூர்கின்றனர்.