நகரமும் மேடும்

காரைக்கால் நகரின் கடைத்தெருவிலிருந்து கடலை நோக்கி நடக்கத் தொடங்குபவன், கால் வலிப்பதற்கு முன்னரே அலையோசையைக் கேட்பான். அவ்வோசை கேட்கும் இடத்தில் இருப்பது காரைக்கால்மேடு. அது நான் பிறந்த ஊர்.

எங்கள் கடற்கரையில் 'மேடு' என்று முடியும் ஊர்கள் பல உண்டு. கோட்டுச்சேரி என்னும் ஊர் உள்ளே இருக்கிறது. கோட்டுச்சேரிமேடு கடலோரத்தில் இருக்கிறது. காசாக்குடி உள்ளே, கீழகாசாக்குடிமேடு கரையிலே. காரைக்கால் உள்ளே, காரைக்கால்மேடு அலைவாயிலே. கிளிஞ்சல்மேடு ஒன்றுதான் தாயூரின் பெயரைத் தாங்காமல், கடல் தந்த கிளிஞ்சலின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இப்பெயர்களை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். புறநகரம் என்பது புகைவண்டியோடு பிறந்த புதுப்பொருள் என்று நாம் கருதுகிறோம். ஆயினும் இக்கரையில் ஒவ்வோர் ஊரும் தனக்கென ஒரு புறவூரைப் பண்டே பெற்றிருந்தது. உழவும் வாணிகமும் உள்ளே நடந்தன. கடல் தொழில் மணல் மேட்டின்மேல் நடந்தது.

நகரத்தில் வாழ்வதா, நகருக்குப் புறத்தே வாழ்வதா என்னும் வினாவைக் கல்லூரியை விட்டு வேலைக்குச் செல்லும் ஒவ்வோர் இளைஞரும் இன்று எதிர்கொள்கிறார். வாடகை எவ்வளவு, பேருந்து கிடைக்குமா, தண்ணீர் வருமா என்று கணக்கிட்டு விடை காண்கிறார். எங்கள் ஊரார்க்கு 2004ஆம் ஆண்டின் இறுதியில் அதே வினா எழுந்தது. அவர்கள் போட்ட கணக்கு வேறு. அதைச் சொல்வதற்கு முன், இவ்வினா நம் நாட்டில் எவ்வளவு பழமையானது என்பதைச் சற்றே காண்போம்.

காரைக்காலுக்கு வடக்கே, காவிரி கடலொடு கலக்கும் இடத்தில் இருந்த காவிரிப்பூம்பட்டினத்தைச் சிலப்பதிகாரம் இரண்டு கூறாகக் காட்டுகிறது. கடலை ஒட்டியது மருவூர்ப்பாக்கம். அங்கே பரதவரும் உப்பு விற்போரும், கொல்லரும் தச்சரும், கலத்தில் வந்த யவனரும் வாழ்ந்தனர். உள்ளே இருந்தது பட்டினப்பாக்கம். அரசர் வீதியும் பெருவணிகர் மாடங்களும் அங்கே இருந்தன. இரண்டிற்கும் இடையில், மரங்களின் அடியில், நாளங்காடி கூடிற்று. தொழிலாளர் கடலருகே வாழ, செல்வர் உள்ளே வாழ்ந்தனர் என்பது கருதத்தக்கது. இன்றோ சென்னையில் கடல் தெரியும் மாடிக்கு விலை மிகுதி! பெருவணிகன் கடலால் பொருள் ஈட்டினான். கடலருகே படுத்துறங்க அவன் விரும்பவில்லை. கடலை அறிந்தவன் என்பதாலேயே விரும்பவில்லை என்று நான் நினைப்பதுண்டு.

காரைக்காலின் புகழ்பெற்ற கதையிலேயே குடியிருப்பைப் பற்றிய முடிவு ஒன்று உண்டு. புனிதவதியார் எனப்பட்ட காரைக்கால் அம்மையாரின் வரலாற்றைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் பாடினார். அம்மையாரின் தந்தை தனதத்தன் வணிகர் தலைவன். மருமகன் பரமதத்தன் நாகப்பட்டினத்து வணிகன் மகன். முறைப்படி மகள் நாகைக்குச் செல்ல வேண்டும். ஆயினும் ஒரே மகளைப் பிரிய மனமில்லாத தந்தை, காரைக்காலிலேயே தன் மனைக்கு அருகே மாடம் ஒன்றை அமைத்து, அதில் மணமக்களைக் குடியேற்றினான். நாகைக்கும் காரைக்காலுக்கும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். அதுவும் அத்தந்தைக்குத் தொலைவாகத் தோன்றிற்று. ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழாக் காண வருவோர் மாங்கனியை நினைக்கிறார்கள். எனக்கோ, மருமகனை அழைத்துவந்து அண்டை வீட்டில் அமர்த்திக்கொண்ட அத்தந்தைதான் முதலில் நினைவுக்கு வருகிறான். வீட்டைத் தேர்வோர் மண்ணையும் விலையையும் மட்டும் பார்ப்பதில்லை. அடுத்த வீட்டில் யார் என்பதையும் பார்க்கின்றனர்.

பின்னர் 1739ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பிரஞ்சுக்காரர் காரைக்காலைத் தம் வசப்படுத்தினர். 1760இல் ஆங்கிலேயர் அதைப் பறித்தனர். இவ்வாறு கைமாறிக் கைமாறி, 1817இல்தான் அது பிரஞ்சுக்காரரிடம் நிலைபெற்றது. 1954 நவம்பர் முதல் நாளன்று ஆட்சி இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான உரிமை மாற்றம் 1962 ஆகஸ்டு 16இல் நிறைவேறியது. இந்த மாற்றங்களுக்கெல்லாம் இடையில் மேட்டில் வாழ்ந்தவர்கள் வலையை உலர்த்திக்கொண்டுதான் இருந்தார்கள். கோட்டையின் கொடி மாறியது. மீன் வாங்கியது அதே நகரம்.

புறநகர் வாழ்வு எவ்வாறு தோன்றி எவ்வாறு மாறுகிறது என்பதை விளங்கக் காண வேண்டுமாயின் சென்னையைப் பார்க்க வேண்டும். 1639இல் நிலம் பெற்றுக் கோட்டை கட்டிய ஆங்கிலக் கும்பினியார் முதலில் மதிலுக்குள் நெருங்கி வாழ்ந்தனர். வெளியே தோட்டம் அமைத்து வாழ ஆசை இருந்தும் அச்சம் தடுத்தது. 1746இல் பிரஞ்சுப் படை சென்னையையே கைப்பற்றியது. 1769இல் ஐதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாயிற்புறம் வரை வந்து, உடன்படிக்கைக்கு அவர்களை இணங்கச் செய்தது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின்னர் அவ்வச்சம் நீங்கிற்று. அகன்ற தோட்டங்களின் நடுவே அவர்கள் கட்டிய மாளிகைகள் நுங்கம்பாக்கத்திலும் அடையாற்றங்கரையிலும் பெருகின. அந்நாளில் புறத்தே வாழக் குதிரை வண்டி வேண்டும். எனவே அது செல்வரின் உரிமையாகவே இருந்தது.

அதை நடுத்தர மக்களுக்கு உரியதாக்கியது தண்டவாளம். இலண்டன் மாநகரில் 1863இல் நிலத்தடிப் புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. சென்னைத் தெருக்களில் 1895இல் மின்சார டிராம் வண்டி வந்தது. 1920இல் நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் மாம்பலத்தருகே இருந்த நெடிய ஏரியின் நீர் வடிக்கப்பட்டு, தெருக்கள் வகுக்கப்பட்டு, நடுவே பனகல் பூங்கா அமைந்தது. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியாரின் பெயரால் அது தியாகராய நகர் ஆயிற்று. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடியதும், அலுவலகத்தில் எழுதும் எழுத்தரும் காற்றோட்டமான வீட்டில் வாழ்ந்து வேலைக்குச் செல்ல முடிந்தது. நெரிசலுக்கு அஞ்சி அங்கே குடியேறியவர்களின் பேரர்கள் இன்று அரங்கநாதன் தெருவில் நடக்கவும் இடமின்றித் திணறுகின்றனர். புறநகரம் புறநகரமாகவே இருப்பதில்லை. நகரம் அதைத் தேடி வந்து சேர்ந்துவிடுகிறது.

இனி எங்கள் ஊருக்குத் திரும்புகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏறத்தாழ ஆறரை மணிக்குச் சுமத்திராவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்தது. அலை இக்கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. செய்தி வந்திருந்தால் அந்த நேரம் போதும். செய்தி வரவில்லை, அன்று இந்துமாக்கடலில் ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பே இல்லை. ஐதராபாத்தில் அத்தகைய மையம் 2007இல்தான் ஏற்பட்டது. புதுவை ஆட்சிப் பகுதியில் மாண்டவர் ஏறக்குறைய 600 பேர். அவருள் மிகப் பெரும்பாலோர் காரைக்கால் கடற்கரையினர். என் பெரியப்பா அவர்களுள் ஒருவர். கரையில் அமர்ந்து வலைக்கண் கோத்துக்கொண்டிருந்தவர் அவர்.

அதன்பின்தான் அவ்வினா எழுந்தது. கரையோரத்தில் மீண்டும் வீடு கட்டுவதா? உள்ளே, நகரை நோக்கி விரியும் புதுக் குடியிருப்புகளுக்குப் போவதா? 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர்ந்த அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுவதை ஏற்கெனவே கட்டுப்படுத்தியிருந்தது. அண்டையிலுள்ள நாகப்பட்டினத்தை உள்ளிட்ட தமிழகக் கரைக்கு 2005 மார்ச்சு இறுதியில் அரசாணை ஒன்று வந்தது. 200 மீட்டருக்குள் வீடிழந்தவர் அப்பால் செல்ல இசைந்தால், ஒன்றரை இலட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு இலவசம். இசையாவிடில் பழைய இடத்திலேயே பழுது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அரசின் உதவி இல்லை. ஆணை யாரையும் விரட்டவில்லை என்பது உண்மையே. எனினும் எல்லாம் இழந்து நிற்பவனுக்கு இரண்டு கதவுகளைக் காட்டி, ஒன்றில் மட்டும் வீட்டை வைத்தால், அவன் எந்தக் கதவைத் திறப்பான்?

எங்கள் வீட்டிலும் வழக்கு நடந்தது. அம்மா போக மறுத்தார். அவர் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அதே மணலில். அண்ணியோ, அலை வந்தபோது குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர். "இரவில் ஓசை கேட்டால் எனக்கு உறக்கம் இல்லை அத்தை, எனக்காக இல்லாவிட்டாலும் பிள்ளைக்காக வாருங்கள்" என்றார். அண்ணன் நடுவில் நின்றார். விடியுமுன் எழுந்து வாசலுக்கு வந்தாலே அவருக்குக் காற்று கொண்டலா கச்சானா என்று தெரியும். நீரின் நிறம் தெரியும். பக்கத்துப் படகு இறங்கிவிட்டதா என்பதும் தெரியும். உள்ளே போனால் இவற்றை யாரிடம் கேட்பது? படகையும் இயந்திரத்தையும் வலையையும் யார் காப்பது? மீன்கூடை சுமக்கும் பெண்கள் ஏலம் முடிந்து வீடு திரும்ப எவ்வளவு தூரம் நடப்பது? நகரத்தில் இருப்போர் இவற்றைப் பழைமைப் பிடிவாதம் என்று பேசியதை நான் கேட்டிருக்கிறேன். உண்மையில் அவை தொழிலின் கணக்குகள். தாம்பரத்து எழுத்தருக்கு இரயில் எப்படியோ, எங்கள் அண்ணனுக்கு வாசலிலிருந்து தெரியும் கடல் அப்படி.

முடிவில் அண்ணியின் சொல் வென்றது. உள்ளே வீடு கிடைத்தது. கரையில் வலைக்கொட்டகை ஒன்று நின்றது. மீன் நிறைந்து வரும் காலங்களில் அண்ணன் அக்கொட்டகையிலேயே படுத்துறங்கினார்; ஆக, குடும்பம் ஓரிடத்திலும் குடும்பத்தலைவன் ஓரிடத்திலுமாக வாழ்ந்தனர். பழைய மணலில் ஒரே முற்றத்தைச் சுற்றி வாழ்ந்த சிற்றப்பாவும் அத்தையும் வேறு வேறு தெருக்களில் வீடு பெற்றனர். தனதத்தன் மருங்கில் அமைத்த மாடத்தின் அருமை அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அதே நேரத்தில் பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கு அருகில் வந்தது. பின்னர் அரசலாற்றங்கரையில் மீன்பிடித் துறைமுகம் அமைந்து, பெரிய படகுகள் ஆற்றுக்குள் கட்டப்படலாயின. அப்படகுகளில் செல்வோர்க்குக் கரைமேட்டில் வாழும் தேவை பாதியாயிற்று. அண்ணனின் படகோ சிறியது. மணலில் இழுத்து ஏற்றுவது.

என் கதை வேறு விதம். ஆசிரியப் பணி கிடைத்து நான் சென்னைக்குச் சென்றேன். நகரத்தின் வாடகை கட்டவில்லை. மேற்குத் தாம்பரத்துக்கு அப்பால், வளர்ந்துவரும் புறநகர்ப் பகுதியில் வீடு பிடித்தேன். கடலிலிருந்து வெகுதொலைவு என்பதில் எனக்கு ஓர் உள்ளூர மகிழ்ச்சி. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பெருகி, முடிச்சூர்ப் பக்கமெல்லாம் வெள்ளம் நின்றபோது, என் வீட்டின் தரைத்தளம் முழுதும் நீர். தொலைபேசி மீண்டும் வேலை செய்ததும் அண்ணன்தான் முதலில் பேசினார். "தம்பி, கடலுக்குத் தப்பி ஏரியிலா போய் வீடெடுத்தாய்?" என்றார். அவர் கேலி செய்யவில்லை. அவர் குரல் நடுங்கிற்று. அந்த நிலத்தின் பழைய பெயர் என்ன, மழைநீர் எவ்வழியே போகும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. மேட்டில் பிறந்தவன் கேட்டிருக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் பணி மாறுதலில் காரைக்காலுக்கே வந்தேன். நகரத்தில் வாழலாம், அண்ணன் வீட்டுத் தெருவிலும் ஒரு மனை விலைக்கு வந்தது, கரையோரத்து எங்கள் பழைய இடத்தின் அருகேயும் சிலர் மீண்டும் குடிசை போட்டிருந்தனர். மூன்று இடங்களையும் ஐப்பசி மழையில் ஒருமுறை, நடந்தே போய்ப் பார்த்தேன். அண்ணன் தெருவின் மனையில் தண்ணீர் தேங்கவில்லை. அதை வாங்கினேன். அம்மாவின் அறைக்கும் என் வீட்டுச் சமையற்கட்டுக்கும் இடையே இப்போது ஒரு சுவர்தான்.

வீடு கட்டி முடிந்த அன்று அண்ணனை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றேன். அவர் கிழக்கே வெகுநேரம் பார்த்தார். தென்னைகளுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "பாதகமில்லை, காற்று கொண்டலாய் வரும்போது ஓசை கேட்கும்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிக் கொட்டகைக்குப் போனார்.