பிளாரன்ஸ் சுவைன்சன் பள்ளி

காது கேளாத குழந்தைகளுக்கெனத் தென்னிந்தியாவில் முதலில் தோன்றியதாகச் சொல்லப்படும் பள்ளி இது. இங்கிலாந்துத் திருச்சபையின் செனானா மிஷன் ஊழியர் பிளாரன்ஸ் சுவைன்சன் 1890களில் பாளையங்கோட்டையில் இதைத் தொடங்கினார். பம்பாயில் 1880களின் நடுவிலும், கல்கத்தாவில் 1893இலும் இத்தகைய பள்ளிகள் எழுந்திருந்தன. இன்று திருநெல்வேலித் திருமண்டலத்தின் கீழ் மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது. தொடங்கியவரின் பெயரே பள்ளியின் பெயர்.

ஆசிரியர் நினைவைக் காக்க நம்மூரில் அறக்கட்டளை, உதவித்தொகை, பரிசு என்று வைப்பது வழக்கம். பாளையங்கோட்டை கல்விநிலையங்களுக்கே பெயர் வைத்தது. அவ்வூரின் சாரா டக்கர் கல்லூரி, இந்தியாவைப் பார்த்தேயிராத ஓர் ஆங்கிலப் பெண்மணியின் நினைவைத் தாங்குகிறது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1817இல் ஹார்ட்ஃபோர்டில் காதுகேளாதோர் பள்ளி திறந்த தாமஸ் கேலடெட்டின் பெயரை வாஷிங்டன் கல்லூரி 1894இல் ஏற்றது. அக்கல்லூரியை நடத்தியவர் அவருடைய மகன் எட்வர்ட் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

சுவைன்சன் பணியாற்றிய காலம் வாய்மொழிக் கட்சி வலுத்திருந்த காலம். 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, சைகையை விலக்கிப் பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அதற்கான வருத்தம் 130 ஆண்டுகள் கழித்து, 2010இல் வான்கூவர் மாநாட்டில்தான் தெரிவிக்கப்பட்டது. பாளையங்கோட்டைப் பள்ளியோ தொடக்கத்திலிருந்தே தொழிற்பள்ளியும்கூட. படித்து முடித்தவர் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்பது நோக்கம். இப்பிள்ளைகளை ‘ஊமை’ என்பது அந்நாளைய வழக்கு. பெரும்பாலும் தொண்டையில் குறை ஏதுமில்லை; காதில் விழாத மொழி வாயில் வராது, அவ்வளவே.

இக்குறையின் விளைவு பிறந்த முதல் சில ஆண்டுகளிலேயே பதிந்துவிடுகிறது. கேட்டோ கையசைவைக் கண்டோ மொழி உள்ளே போகாமல் ஐந்து வயதைக் கடந்த குழந்தைக்குப் பிறகு எவ்வளவு செலவிட்டாலும் ஈடாவது அரிது. இதை உணர்ந்து சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா, கைக்குழந்தைப் பருவத்திலேயே பயிற்சியைத் தொடங்குகிறது. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டமும் ஆறு வயதுக்குட்பட்டோருக்குக் காக்ளியர் கருவி பொருத்த உதவுகிறது.

மத்திய அரசின் உதவித்தொகை வேறு வகை. 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் சான்று உள்ளவருக்கு 9ஆம் வகுப்பிலிருந்து ஒன்று, 11ஆம் வகுப்பு முதல் முதுநிலை வரை இன்னொன்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை தருகிறது. எல்லாம் தேவையே. ஆனால் ஆசிரியர் பெயரில் நிதி திரட்டுவோர், ஒன்பதாம் வகுப்பு மாணவருக்குத் தருவதைவிட, சிறப்பாசிரியராகப் பயில வரும் இளைஞருக்குத் தருவதே பொருத்தம். ஓர் ஆசிரியரின் நினைவு இன்னோர் ஆசிரியரிடம்தான் தொடரும்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் கருங்குழி, மதுராந்தகம் பக்கத்தில் அப்படி எண்ணுவோர் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அதே மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது. கண்ணும் காதும் ஒருசேரக் குறைந்த பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் அங்கே பயிற்சி உண்டு.